அகலமுள்ள கோடு

பழைய வரைபடத்தில் இரண்டே சொல்:
வடக்கெல்லை, நாகதாளி.
மை மங்கிய ஒற்றைக் கோடு,
தலைமயிர் மொத்தம்தான்.

கிராஞ்சியில் போய் நின்றால்
கோடு என் தோளுக்கு மேல் நிற்கிறது.
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
நாலு மீற்றர் இருபது.
நாடா பிடிக்க வந்த செல்வகாந்தன்
"ஆர் மிஸ் இதுக்கை இறங்கிறது?" என்றான்,
தன் செருப்பைப் பார்த்தபடி.

நடக்கிற செடி இது.
ஒரு மடல் விழும். விழுந்த இடத்தில்
வயிற்றால் மண்ணைப் பற்றி வேர் விடும்.
அதன் தோளில் இன்னொன்று.
காற்று தள்ளினால் காற்றுப் பக்கம்,
மாடு இடித்தால் மாடு போன பக்கம்.
ஆட்கள் இல்லாத வருசங்களில்
இரண்டு வளவுக்குள்ளும்
கேளாமல் நடந்திருக்கிறது.

"நட்டது என்ரை மனுசன்," என்கிறார் யசிந்தா.
"ஒவ்வொரு மடலாய், சாக்கிலை சுத்திக் கொண்டுவந்து.
அவர் நட்ட வரிசை உங்காலை, அந்தக் கரை."
நல்லையா கையை வீசிக் காட்டுகிற கரை
இங்காலை.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.
இரண்டு உண்மைக்கும் நடுவில்
ஒரு வரிசை தென்னை வைக்கலாம்.

வவுனியாவில் என் வாசலிலும் ஒன்று உண்டு, சாடிக்குள்.
முள் இல்லாத வகை என்று விற்றான்.
நம்பித் தடவி இரண்டு நாள் அழுதேன்;
சுணைக்கு முள் தேவையில்லை.
ஒற்றை நீள முள்ளோடு வேறொரு வகை
ஒருகாலம் இந்தத் தீவில் காடாய்க் கிடந்ததாம்.
அதைத் தின்னக் கப்பலில் பூச்சி வந்ததாம்,
வெள்ளைப் பஞ்சுக்குள் ஒளிந்திருந்து
நசித்தால் இரத்தமாய் வடிகிற பூச்சி.
செடி முடிய, பூச்சியும் பட்டினியில் முடிந்ததாம்.
படித்த அன்றைக்குச் சிரித்தேன்.

இது மஞ்சள் பூக்காரி. முள்ளும் மஞ்சள்,
கொஞ்சம் வளைவு. உவர்மண் போதும்.
மழை மார்கழியோடு போனாலும்
மடலுக்குள் தண்ணீரைப் பசையாக்கி
ஆவணி வரைக்கும் வைத்துச் சாப்பிடுவாள்.

வெட்டி ஒரு வழி எடுத்தோம்.
உள்ளே ஒரு அலுமினியச் சட்டி.
அதன் ஓட்டைக்குள்ளால் மடல் புகுந்து
அந்தப் பக்கம் பழுத்திருந்தது.
ஒரு சின்னச் செருப்பு, இடதுகால்.
"எங்கடை இல்லை," என்றார் யசிந்தா.
"எங்கடையும் இல்லை," என்றார் நல்லையா.
அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது
அதில் மட்டும்.
எல்லைக்கல்லைக் காணவில்லை.

பத்தரை மணி வெயில்.
நல்லையாவின் மருமகள் குகதா
கொக்கத்தடியால் பழம் விழுத்தினாள்.
மணலில் போட்டு, ஈர்க்கு விளக்குமாற்றால்
சுணை போகும்வரை உருட்டினாள்.
கீறித் தோலை விரித்து, நடுவில் இருந்த
நட்சத்திர முள்ளைக் கிள்ளி எறிந்தாள்.
"இதை விழுங்கினால் தொண்டையிலை நிண்டிடும் மிஸ்."
வத்தகப் பழத்தின் ஏழைத் தங்கச்சி ருசி,
நிறம் மட்டும் பெரிய இடம்.
வாய் நிறையக் கொட்டை.
"அது எங்கடை பக்கத்துப் பழம்," என்றார் யசிந்தா,
மூன்றாவதைத் தின்றுகொண்டு.
எல்லார் பல்லும் ஒரே ஊதா.
"நாளைக்கு மூத்திரம் சிவப்பாய்ப் போகும் தம்பி,
ஆசுப்பத்திரிக்கு ஓடாதையும்," என்றார் நல்லையா.
செல்வகாந்தன் பாதிப் பழத்தைக் கீழே வைத்தான்.

கோட்டுக்கு அகலம் இல்லை என்று
எனக்கு முதல் வருசமே படிப்பித்தார்கள்.
இரவு, கிளிநொச்சி விடுதி மேசையில்
இரண்டு கோடு கீறினேன்.
நடுவைப் புள்ளிகளால் நிரப்பி
ஓரத்தில் எழுதினேன்:
நாகதாளி, உயிருள்ளது.
அளந்த திகதிக்கு மட்டும் செல்லுபடியாகும்.

மேலதிகாரி திருப்பி அனுப்புவார், தெரியும்.
பேனாவை அழுத்தும்போதெல்லாம்
பெருவிரலில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று
குத்துகிறது.
ஊசி வைத்துத் தேடினேன். அகப்படவில்லை.