கேட்டவர் சொன்னபடி

முதல் தடவை
சிப்பிபிடிப்பான் பறவை என்றுதான் நினைத்தேன்.
க்ளாக்ஸ்விக்கில் அவை கத்தாத காலை இல்லை.
ஆனால் கடலடிச் சுரங்கத்துக்குள்,
பாறைக்கும் அதன் மேல் புரளும் தண்ணீருக்கும் கீழே,
ஒரு பறவைக்கு என்ன வேலை?

கண்ணாடியை இறக்கினேன்.
சுவர் என் காரை எனக்கே வாசித்துக் காட்டியது:
டீசலின் கடகடப்பு, ஈர டயரின் இழுப்பு,
இரண்டுக்கும் நடுவில்
ஸ்லேட்டில் நகம் பட்டதுபோல்
கிறீ... ச்.
எண்ணி நான்கு நொடி.
பிறகு, நான் இல்லையே என்பதுபோல் ஒரு மௌனம்.

என் பெயர் சுன்வோர். தபால்காரி.
மூன்று தீவு, ஒன்பது ஊர்,
பதினாறு வயதான ஒரு ஸ்கோடா.

மழையில் வந்தது. மழையில் வராமலும் இருந்தது.
திங்கள் ஐந்தரைக்குக் கத்தியது.
செவ்வாய், அதே ஐந்தரை, அதே குளிர்,
வாயே திறக்கவில்லை.
'பின்கண்ணாடி ஹீட்டர் போட்டால் கத்தும்' என்று
துண்டுச்சீட்டில் எழுதினேன்;
மறுநாள் அடித்தேன்;
அதற்கடுத்த நாள்
அடித்ததன் மேலேயே எழுதினேன்.

ஹானுஸின் பட்டறைக்கு மூன்று முறை போனேன்.
பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும்
வலி ஓடிப்போகுமே, அப்படி.
நான்காம் முறை, அவன் பானெட்டுக்குள் குனிந்திருக்க,
கத்தியது.
"இதோ!" துள்ளினேன்.
அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.
"எங்கே?"
மறுபடியும்.
"இதோ, இதோ!"

கந்தல் துணியில் விரலைத் துடைத்தான்.
துடைத்த விரலையே திரும்பத் துடைத்தான்.
"பதினெட்டு வருஷம் ட்ராலரின் எஞ்சின் அறை.
கட்டைச் சத்தமெல்லாம் கேட்கும்.
கீச்சுச் சத்தமெல்லாம்
க்ரீன்லாந்துப் பக்கம் எங்கோ தண்ணீரில் விழுந்துவிட்டது.
வெளியே சொல்லாதே."

நான் தபால்காரி.
பிரிக்காமல் கொண்டுபோவதுதான் என் தொழில்.

ரப்பர் குழாயில் ஒரு கை நீளம் வெட்டி
ஒரு முனையை என் காதில் வைத்தான்.
மறுமுனையைத் தான் பிடித்து
எஞ்சினின் இண்டு இடுக்கெல்லாம் கொண்டுபோனான்.
காபிக் கோப்பையில் தண்ணீர் அள்ளி
ஓடும் பெல்ட்டின் மேல் தெளித்தான்.
"நின்றதா?"
"நின்றது."
"இப்போது?"
"வந்துவிட்டது."
"பெல்ட்டை மாற்று என்று
இதற்கு முன் இரண்டு பேரிடம் காசு வாங்கியிருக்கிறேன்.
தப்பு. கத்துவது பெல்ட்.
கத்த வைப்பது வேறொன்று."

பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டோம்.
கடகடப்பு மட்டும்.
வண்டியை அணைத்தான். கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினான்.
டென்ஷனர், வெண்ணெய்.
ஏசி, இந்த ஊரில் யார் போட்டார்கள், புத்தம் புதுசு.
ஆல்டர்னேட்டரில் அவன் கை நின்றது.

"டீசல் ஒரே சீராய்ச் சுற்றாது.
ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு குத்து, பின் ஒரு தளர்வு.
அது தளரும்போது இந்தப் புல்லி பிடியை விடவேண்டும்.
இது சில நேரம் விடுகிறது.
சில நேரம் மாட்டேன் என்கிறது."
என் விரலை அதன் மேல் வைத்தான்.
ஒரு பக்கம் இறுகியது. அது நியாயம்.
மறுபக்கமும் இறுகியது.
மூன்றாம் முறை வழுக்கி ஓடியது.
நான்காம் முறை, இறுக்கம்.
ஆறு வாரத் துண்டுச்சீட்டு அத்தனையும்
என் விரல்நுனியில் இருந்தது.

வியாழக்கிழமைக் கப்பலில் புதுசு வந்தது.
சுரங்கத்துக்கு அவனும் கூட வந்தான்.
விளக்கு, வைப்பர், ஹீட்டர், சீட்டுச் சூடு,
இருப்பதையெல்லாம் போட்டேன்.
கண்ணாடிகளை இறக்கியதில்
கையெழுத்துக்குக் காத்திருந்த ரசீதுகள் பறந்தன.
"இருக்கா?"
"இல்லை."
"நன்றாகக் கேள்."
"இல்லை, ஹானுஸ்."
அவன் உள்ளங்கையை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு
மறுகரை வரும்வரை எடுக்கவில்லை.

பில்லில் புல்லி ஒன்று, கூலி இரண்டு மணி,
'காது' என்று ஒரு வரி, அதில் இருநூறு க்ரோன் கழிவு.
அடியில் பென்சிலால்:
சத்தம் நின்றது.
கேட்டவர் சொன்னபடி.