பற்று வரவு

குரோனிங்கனில் நவம்பர் என்றால்
நாலரைக்கே கடையைச் சாத்திவிடும் வெளிச்சம்.
நாலாவது மாடி, கால்வாய்ப் பக்கச் சன்னல்.
அதன் கீழே
குப்புற விழப் பார்க்கும் ஒரு மான்ஸ்டெரா,
ஹார்மன் விட்டுப்போனது.

விட்டுப்போனான் என்பதுகூடச் சரியில்லை.
"அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றான்.
காபி இயந்திரத்தையும் பனிச்சறுக்குக் காலணியையும்
அன்றைக்கே எடுத்துக்கொண்டான்.

வீட்ஸ்கே
ரயிலடி சைக்கிள் நிறுத்தத்தில் பஞ்சர் பார்க்கிறவள்.
சாய்ந்ததைக் கண்டால் கை சும்மா இராது.
முதலில் ஒரு துடைப்பக் கட்டையை நட்டு
பழைய டியூபைக் கிழித்துக் கட்டிவைத்தாள்.
நின்றது,
புகைப்படத்துக்கு நிற்கச் சொன்ன பிள்ளை மாதிரி.
கட்டினால் நிற்கும். பற்றாது.

பிறகுதான் கம்பிவலை வாங்கினாள்.
காய்ந்த பாசி, செங்கல் அளவுக்கு ஒரு கட்டி.
பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறப்போட்டாள்.
ராத்திரி முழுக்க அது உப்பி உப்பி
எங்கோ கிடந்த ஒரு சதுப்பு நிலம்
சமையலறையில் கண்விழித்துப் புரண்டது.

வலையைச் சுருட்டி, பாசியைத் திணித்தாள்.
இறுக்கினால் வேருக்கு மூச்சு முட்டும்,
தளர்த்தினால் தண்ணீர் தங்காது.
நடுவே ஓர் அழுத்தம் இருக்கிறது.
ஏழு வருடமாகத் தேடியும்
இரண்டு பேருக்கும் அகப்படாதது,
விரலுக்கு இப்போது அகப்பட்டது.

தண்டைக் கட்டினாள், இலைக்காம்பைக் கட்டவில்லை.
இலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும்
திரும்பிக்கொள்ளட்டும்.

உச்சியில் ஊசித்துளையிட்ட பாட்டில் ஒன்றைக் கவிழ்த்தாள்.
சொட்டு இறங்கி இறங்கித்
தரையும் தாண்டி
கீழ்வீட்டு பௌகாம்ப் அம்மாளின் விளக்கில் விழுந்தது.
தடியால் கூரையை மூன்று தட்டு.
மறுநாள் அடியில் ஒரு தட்டு.

ஜனவரியில்
கணுவிலிருந்து பழுப்பாய் ஒரு விரல் நீண்டது.
ஈரத்தைத் தொட்டுப் பார்த்தது.
இரண்டு நாள் யோசித்தது.
உள்ளே போய்விட்டது.

அதன் பின் விரிந்த இலை
முந்தையதைவிட ஒரு சாண் பெரிது,
நரம்போரம் ஏழு ஓட்டை.
பகலெல்லாம் ஓட்டை அடைத்துவிட்டு வருகிறவள்
கோட்டுகூடக் கழற்றாமல் நின்று
ஒவ்வொன்றாய் எண்ணினாள்.

மார்ச்சில் ஹார்மன் வாடகை வேனோடு வந்தான்.
"செடி என்னுடையது."
"தெரியும். கொழுகொம்பு என்னுடையது."
கட்டுகளை எல்லாம் அவனே அவிழ்த்தான்.
ஒன்றும் கழன்று வரவில்லை.
வலைக்கண்ணில் நுழைந்து, பாசிக்குள் கிளைத்து,
மறுபக்கம் தலைநீட்டி, திரும்பவும் உள்ளே.
எது அவனுடையது எது அவளுடையது என்று
வேரைக் கேட்க முடியுமா?
கணக்கு ஏட்டில்
பற்று என்று ஒரு பத்தி இருக்கிறது,
அதிலும் இதை எழுத இடமில்லை.

இருமினான்.
"அப்படியானால் இருக்கட்டும்" என்று ஆரம்பித்தான்.
அவளோ பட்டறைப் பையிலிருந்து
கம்பி வெட்டியை எடுத்து வந்துவிட்டாள்.

அடியிலிருந்து கணுக்களை எண்ணினாள்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
வலை, பாசி, வேர், தண்டு,
எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வெட்டு.
அறையெங்கும் பச்சை வாடை.
மேல் பாதியை ஈரச் செய்தித்தாளில் சுற்றினாள்,
அதன் மேல் ரொட்டிப் பை.
வேனின் முன் இருக்கையில் வைத்து
பெல்ட் போட்டான் அவன்.
அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மிச்சம் இங்கே மூன்று இலை, தலையில்லாத தண்டு.
ஊற்றினாள். வேறென்ன செய்ய?

ஈஸ்டர் முடிந்த வாரம் கைப்பேசி ஒளிர்ந்தது:
"உச்சியிலிருந்தேதான் ஊற்ற வேண்டுமா?"
"ஆமாம். மெதுவாக."
அனுப்பிய பிறகுதான் பார்த்தாள்,
வெட்டுக்குக் கீழே
அரிசி அளவில் ஒரு முளை
பாசிப் பக்கம் இல்லை,
சன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

கம்பிவலை இன்னும் ஒன்றரை முழம் மிச்சமிருக்கிறதா என்று
அலமாரியைத் திறந்தாள்.