சனிக்கிழமைக் கணக்கு

வினிபெக்கில், ரயில் பாலத்துக்கு அடியில்,
முன்பு டயர் கிடங்காக இருந்த இடம்.
பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே ஒரே ஒரு ஹீட்டர்,
அதன் மேல் எப்போதும் யாருடைய கையுறையாவது காயும்.

கணக்கு எழுதுவது என் வேலை.
இருபது மணி நேரம் வேலை செய்தால்
ஒரு சைக்கிள் சொந்தம்.
காசு வேண்டாம், கெஞ்ச வேண்டாம்.
அட்டையில் பேர், பேருக்கு எதிரே கோடுகள்.

டெக்ஸ்டன் வாய் மூடுவதில்லை.
பால்ரஸ் எண்ணச் சொன்னால்
ஒன்பதுக்கு மேல் கதைதான் வரும்.
அவன் தங்கை பஞ்சர் பார்க்கும் தொட்டியில்
பாதித் தண்ணீர் தரையில்.

செலிஹோம் பேசமாட்டாள். பதினொரு வயது.
கோணிய சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச்
சுழற்றிவிட்டுக் காதைக் கொடுப்பாள்.
ரிம் உரசும் இடத்தில்
'ஸ்க்' என்று ஒரு சத்தம்.
அந்தக் கம்பிக்குக் கால் திருகு இறுக்கம்,
பக்கத்துக் கம்பிக்குக் கால் திருகு தளர்வு.
மறுபடி ஒரு சுழற்று.
நான் பெண்டு எடுத்தால் ஒரு மணி நேரம்.
அவளுக்கு ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள்.

எங்களுக்கு வரும் சைக்கிள்கள்
ஆற்றிலிருந்து, குப்பை லாரியிலிருந்து,
இரண்டாகப் பிரிந்த வீடுகளின் கராஜிலிருந்து.
அவள் காட்டியது ஒரு பச்சை.
முன்சக்கரம் ஒரு வண்டியுடையது, பின்சக்கரம் வேறொன்றுடையது,
சீட்டில் யாரோ பல்லால் கடித்த தடம்.
மார்ச் முழுக்க ஓவராயில்.
செயினைக் கண்ணி கண்ணியாகப் பல் பிரஷ்ஷால் தேய்த்தாள்.

ஏப்ரல் கடைசிச் சனி. இருபதாவது கோடு.
வழக்கப்படி ஷட்டரை ஏற்றிவிட்டு
இரண்டு வரிசையாக நின்றோம்.
சொந்தக்காரர் ஏறி மிதித்துத்
தெருமுனை வரை போய் வரவேண்டும்.

செலிஹோம் ஹெல்மெட் மாட்டினாள்.
ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.
எங்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு நடந்தாள்.
பனி உருகிய தண்ணீரில் சக்கரங்கள் கோடு கிழிக்க,
முனை திரும்பி மறையும் வரை
தள்ளிக்கொண்டேதான்.

தட்டுவதற்குத் தூக்கிய கைகளை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
டெக்ஸ்டன்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இருபது மணி நேரத்தில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.
அட்டை அச்சடித்தது நான்தான்.
ஓட்டத் தெரியுமா என்று
அதில் ஒரு கட்டம் இல்லை.

செவ்வாய் மாலைகளில் பெரியவர்களுக்கான வகுப்பு,
மூடிப்போன சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங்கில்.
பெடலைக் கழற்றி, சீட்டைத் தாழ்த்தி,
வாத்து மாதிரிக் காலால் உந்தி உந்தி.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் லூஸ்விமிண்டா,
முப்பது வருடம் பஸ் ஓட்டியும்
இரண்டு சக்கரத்தை நம்பாத ஒரிசியா.

அந்தச் செவ்வாய், வேலி ஓரம் பச்சை சைக்கிள்.
பெடல்களை அவளே கழற்றிக்
கோட்டுப் பையில் போட்டு வந்திருந்தாள்.
பதினெட்டு வயதுக்கு மேல் என்று எழுதிய பலகையை
நான் அழிக்கவில்லை.
என் ஜாக்கெட்டை அதன் மேல் தொங்கவிட்டேன்.

மூன்று செவ்வாய்.
லூஸ்விமிண்டாவும் அவளும் ஒரே கோட்டில் கிளம்புவார்கள்,
ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம்.
நான்காவதில் சரிவில் காலைத் தூக்கிவிட்டு
பதினைந்து கஜம், இருபது கஜம்,
தள்ளுவண்டிகள் நிறுத்தும் கம்பி வரை போய்
மோதி விழுந்தாள்.

நாங்கள் ஓடினோம்.
அவள் அதற்குள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி
முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக்
காதைக் கொடுத்திருந்தாள்.
ஒரு சுற்று. இரண்டு.
பிறகுதான் முழங்காலைப் பார்த்தாள்.

அங்கே லூஸ்விமிண்டா தன் பெடலை மாட்டப்போய்
பல்லைக் கடித்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தாள்.
செலிஹோம் நொண்டியபடி போய்
ஸ்பானரை வாங்கிக்கொண்டாள்.
"இடது பெடல் எதிர்ப்பக்கம் திருகணும்.
எல்லாருக்கும் முதலில் தெரியாது."