மூன்றாம் நம்பர்

கச்சான் வீசுகிற மாதம்.
வாலிநோக்கத்தில் கண் இமையில் உப்பு, காலரில் உப்பு.
எண்ணெய்த் துணி சுற்றாமல் வைத்த ஸ்பானர்
காலையில் வேறு நிறத்தில் கிடக்கும்.

கடலை இழுத்து முதல் தேக்கத்தில் விடும் பம்புகள் மூன்று.
ஒரே கம்பெனி, ஒரே லாரியில் வந்தவை.
ஒன்றும் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கும்.
மூன்று கொஞ்சம் முனகும்.
ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங்கில் ஊன்றி
கைப்பிடியில் காதை வைத்தால் தெரியும்,
உள்ளே கூழாங்கல்லா, தேனீயா என்று.
செவ்வாய்க்கிழமை தேனீதான்.
சத்தியமாகத் தேனீதான்.

அன்றுதான் சென்னையிலிருந்து ஜீப் வருவதாக இருந்தது.
மேனேஜர் பேண்டை மடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.
"என்னய்யா இது, தரையெல்லாம் சதசதன்னு?"
கிளாண்டு சொட்டும் சார்,
சொட்டினால்தான் உள்ளே கயிறு குளிரும்,
தண்டு குளிரும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பதினேழு வருஷ சர்வீஸ்; வாயை மூடத் தெரியும்.
இரண்டு நட்டிலும் அரைச் சுற்று.
சொட்டு நின்றது. சாக்கு போட்டுத் துடைத்தோம்.

அதிகாரி வந்தார், இளநீர் குடித்தார்,
பூநாரைகளைப் போட்டோ எடுத்தார்.
பம்ப் ஹவுஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஜீப் போனதும் தளர்த்த வேண்டிய அரைச் சுற்று
என் மணிக்கட்டிலேயே இருந்தது.
அதோடு ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு
பஸ் ஏறிவிட்டேன்.

இரவு இரண்டேகாலுக்கு மூன்று நின்றது.
நம்புவேல் டூட்டி.
ரெஜிஸ்தரில் சிவப்பு மை:
'தண்ணீர் ஏறாமலே ஓட்டியிருக்கிறார்.
ஆபரேட்டரின் கவனக்குறைவு. மூன்று நாள் சம்பளம் பிடித்தம்.'
கீழே அவன் கையெழுத்து.
'வேல்' வரும் இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

மறுநாள் பிரிக்கப் போனேன்.
முதலில் ட்ரெயின் பிளக்.
கடைசி மரை கழன்றதும்
கடல் என் கால் மேல் கொட்டியது.
ஒரு குடம் இருக்கும்.
வாளி நிறைந்தும் நிற்கவில்லை.
கொத்தமல்லி விதையளவு நண்டுக்குஞ்சு ஒன்று
என் பூட்ஸ் மேல் விழுந்து
கயிற்றில் ஏறி, யோசித்து,
வடிகாலைப் பார்த்துப் போனது.

நின்றதிலிருந்து யாரும் தொடவில்லை.
தண்ணீர் ஊற்றும் புனலும் என் பெட்டியில், பூட்டில்.
ஆக, வயிறு நிறையத் தண்ணீரோடுதான் ஓடியிருக்கிறது.
இம்பெல்லர் பழுதில்லை.
கிளாண்டைத் திறந்தேன்.
ஐந்து வளையத்தில் வெளி இரண்டும்
அடுப்பில் மறந்த கருவாடு.
ஸ்லீவ் நீலம் பாரித்து, நகம் மாட்டும் அளவுக்குக் கோடு.

கொஞ்ச நேரம் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு
குந்தியிருந்தேன்.

"ரிப்போர்ட் போயிருச்சுப்பா" என்றார் மேனேஜர்,
என் முகத்தைப் பார்க்காமல்.
"இதோட விடு."

சிவப்புக்குக் கீழே நீலத்தில் எழுதினேன்:
'பம்பில் நீர் இருந்தது. கிளாண்டை முறுக்கியது நான்.
தளர்த்த மறந்ததும் நான்.'
முறுக்கச் சொன்னது யார் என்று எழுதவில்லை.
அந்த அளவுக்குத்தான் வந்தது தைரியம்.
பக்கத்தைக் கிழிக்க முடியாது;
ரெஜிஸ்தரில் பக்கங்களுக்கு நம்பர் உண்டு.

ஸ்லீவ் பரமக்குடி லேத்திலிருந்து வர ஆறு நாள்.
கயிற்றைச் சாய்த்து வெட்டி,
இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல்
ஐந்து வளையமும் வைத்தேன்.
நட்டுக்கு ஸ்பானர் இல்லை, விரல் மட்டும்.

ஓடவிட்டோம்.
நம்புவேல் போனில் நேரம் வைத்துக்கொண்டு
எதிரே குந்தினான்.
சொட்டும் இடத்தை மட்டும் பார்த்தான்.
ஒரு நிமிஷம் நீளமானது.

"நாற்பத்திரண்டு" என்றான்.
அந்த வாரம் அவன் என்னிடம் பேசிய
முதல் வார்த்தை அது.

எண்ணிக்கை சரி.
அவன் சம்பளம் இன்னும் வரவில்லை.
தரை ஈரமாக இருக்கிறது.