புக்கிங்குக்கு முன்பே

பணம் வியாழக்கிழமையே வந்துவிட்டது.
நாலாயிரத்து இருநூறு.
அனுப்பியவர் பியூலா ஜெபக்கனி, நாசரேத்.
அறுபது முட்டை வைக்கும் பழைய இன்குபேட்டர்,
இரண்டு கோடை ஓடியது,
கண்ணாடிக் கதவில் கீறல்கூட இல்லை என்று
நான்தான் எழுதியிருந்தேன்.
அன்றைக்கு அது பொய்யில்லை.

வெள்ளி ராத்திரி கட்ட உட்கார்ந்தேன்.
காவேரிப்பட்டணம் மண்டியில் கேட்டு வாங்கிய
மாம்பழப் பெட்டி வைக்கோல்,
பெங்களூரா வாசம் இன்னும் போகாதது.
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, எழுந்தேன்.
அவ்வளவுதான்.
முந்தானையா முழங்காலா
எது தட்டியதென்று இன்றுவரை தெரியாது.
ஸ்டூலிலிருந்து அது இறங்கியதில்
ஒரு அவசரமும் இல்லை.

டிக்.
பெரிய சத்தம்கூட இல்லை.
மேல் மூலையில் கிளம்பி
வரைபடத்துத் தென்பெண்ணை மாதிரி வளைந்து
கீழ்க் கீல் வரைக்கும் ஒரு கோடு.

அடுத்த ஐந்து நிமிடம் நான் நல்லவளாக இல்லை.
லாரியில் உடைந்தது என்று சொல்லலாம்.
நம்புவார்கள்.
பைபாஸில் எத்தனை பள்ளம்,
எத்தனை வண்டி மூக்கு உடைபடுகிற இடம் தொப்பூர்,
ஒரு கண்ணாடி உடைய
அந்த இறக்கம் போதாதா?
வைக்கோலை விரிசல்மேல் அடைத்தும் பார்த்தேன்.
அழகாகத்தான் மறைந்தது.

சென்னகேசவன் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"ஓடுதான்னு பாரு மொதல்ல."

ஓட்டினேன்.
முட்டையில்லாமல், தண்ணித் தட்டு நிரப்பி,
விரிசல்மேல் செல்லோடேப் ஒட்டி.
பதினொன்றுக்கு முப்பத்தேழரை.
இரண்டு மணிக்கு முப்பத்தேழு.
நாலுக்கும் முப்பத்தேழு.
அரை டிகிரி.
அரை டிகிரிக்குக் குஞ்சு ஒரு நாள் பிந்தும்,
ஒன்றிரண்டு ஓட்டுக்குள்ளேயே இருந்துவிடும்.
கொசுவத்தி கொளுத்தி வைத்து
வெறும் பெட்டிக்கு அடைகாத்தேன்.

விடிந்ததும் போன் செய்தேன்.
அவள் பேச்சுக்குப் பின்னால் சேவல் ஒன்று
நிறுத்தாமல் கூவிக்கொண்டிருந்தது.
படம் அனுப்பினேன். மூன்று பக்கத்திலிருந்து,
வெளிச்சம் நேராக விழும்படி.
விற்கிறபோதுகூட
இவ்வளவு நன்றாக எடுக்கவில்லை.
"பணத்த திருப்பிப் போட்டுடட்டுமா?
இல்ல, எழுநூறு கொறச்சிக்கிறீங்களா?"

நல்ல மனசுக்கா உங்களுக்கு என்பாள் என்று
உள்ளே ஒரு ஓரம் காத்திருந்தது.
ஒத்துக்கொள்கிறேன்.

"எழுநூறுக்கு இங்க கண்ணாடி அறுக்கவே மாட்டான்.
ரப்பரோட ஆயிரத்து நூறு ஆகும்.
அதப் போட்ருங்க.
பெட்டிய இன்னைக்கே ஏத்திருங்க,
முட்டைக்குச் சொல்லியாச்சு."

கோபம் வந்தது.
மறைத்திருந்தால் ஒரு ரூபாய் போயிருக்காது.
ராயக்கோட்டை ரோட்டுக் கண்ணாடிக் கடைக்கு
போன் போட்டு அளவு சொல்லிக் கேட்டேன்.
ரப்பரோடு ஆயிரத்து இருநூறு என்றான்.
பேசாமல் அனுப்பிவைத்தேன்.

கிருஷ்ணகிரி பார்சல் ஆபீசில் திம்மராயன்
பெட்டியை முகர்ந்துவிட்டு
"மாங்காயா?" என்றான்.
"இல்ல. கண்ணாடி இருக்கு.
ஏற்கெனவே கொஞ்சம் உடைஞ்சது."

எழுதுகிற கை நின்றது.
பத்தொன்பது வருஷத்தில்
ஏற்றுகிற இடத்தில் யாரும்
இப்படிச் சொன்னதில்லையாம்.
இதில் என்ன சூது என்று
என் பையை ஒருதரம், செருப்பை ஒருதரம் பார்த்தான்.
பிறகு ரசீதைத் திருப்பிப் போட்டு
பேனாவை நீட்டி, சொல்லச் சொல்ல
எழுத வைத்தான்:
புக்கிங்குக்கு முன்பே கண்ணாடியில் விரிசல்.
லாரி பொறுப்பில்லை.
கையெழுத்து. தேதி.

"நேரமும் போடுங்க. எத்தன மணிக்கு உடைஞ்சிது?"

"மூணாவது விசிலுக்கு."

"எட்டே கால்னு போடுங்க" என்றான்,
சிவப்புச் சீட்டைப் பசையில் தோய்த்துக்கொண்டே.
உடையும் பொருள், கவனம்
என்று அதில் அச்சடித்திருந்தது.
விரிசல் இருந்த பக்கமாகப் பார்த்து
அழுத்தி ஒட்டினான்.