நாற்பத்தைந்து பாகைச் சாய்வில்

தலை கீழே, பின்புறம் மேலே.
இலையோடு நாற்பத்தைந்து பாகை.
அப்படித்தான் உட்காரும் அந்தப் பூச்சி,
தளிரிலும், காம்பிலும், எங்கும்.
எள்ளளவு. நிறம் மட்டும் தூசியினுடையது.
பயிற்சி நாளில் வேளாண் பொறியாளர்
அதன் வாலைப் பலகையில் தூக்கி வரைந்தபோது
பன்னிரண்டு பெண்களும் சிரித்துவிட்டோம்.

இட்டாபொலிஸில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

டிராக்டருக்குப் பின்னால் ஒரு மேடை.
கீழ்த்தட்டில் இருவர், மேல்தட்டில் இருவர்.
நான் மேலே. ஏழு வருடமாக மேலே.
வண்டி நகர நகர
உச்சித் தளிர் என் முகத்துக்கு நேரே வரும்.
ஒரு மரத்துக்கு எனக்கு மூன்று மூச்சு.
அதற்குள் இலையின் இரு பாதியையும் பார்த்தாக வேண்டும்.
நடுநரம்புக்கு இப்பக்கம் ஒரு மஞ்சள்
அப்பக்கம் வேறு மஞ்சள்.
இரண்டும் பொருந்தினால் அது பட்டினி,
துத்தநாகம் வைத்தால் தேறிவிடும்.
பொருந்தாவிட்டால் சிவப்பு நாடா.
நாடா கட்டிய மரத்தை
வெள்ளிக்கிழமை ரம்பம் வந்து பார்க்கும்.

மண்சாலைக்கு அந்தப்புறம் அனேசியுவின் தோட்டம்.
இரண்டு வருடமாக மருந்தில்லை, கவாத்தில்லை,
மழைக்கு மழை தளிர் மட்டும் தாராளம்.
இப்புறம் பத்து நாளைக்கொரு முறை தெளிக்கிறோம்.
மஞ்சள் பசை அட்டைகளை வியாழன்தோறும் கழற்றுகிறேன்:
சாலையோர அட்டையில் பதினான்கு,
உள்வரிசையில் ஒன்றுமில்லை.
இதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டாம்.

குப்பிகளோடு என்னை அவரிடம் அனுப்பினார்கள்.
குப்பிக்குள் குளவிகள்,
குளவி என்று சொன்னால்தான் குளவி,
கண்ணுக்கு அவை நடமாடும் முற்றுப்புள்ளிகள்.
பூச்சிக்குஞ்சின் வயிற்றடியில் முட்டையிடும்,
குஞ்சைத் தின்று வளரும்,
முதுகில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியேறும்.
சொல்லி முடிக்கும்வரை
அனேசியு கம்பிவேலியின் கொக்கியில் கைவைத்தபடி நின்றார்.

"உங்க ஆலை கொடுத்த விலையிலதான் எடிலைனி
இது காடாச்சு. அதையும் எழுதிக்கோ."
என் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
தேதி, வரிசை, மரம், எண்ணிக்கை. அவ்வளவுதான்.

பிறகு கொக்கியை எடுத்தார்.
ஒரு பழத்தைப் பறித்துக் குறுக்கே அறுத்தார்.
கோணல் பழம், அடியில் இன்னும் பச்சை,
விதைகள் கறுத்துச் சப்பையாக.
பாதி எனக்கு.
உவர்ப்பு, கசப்பு, எங்கோ ஒரு மூலையில் ஆரஞ்சு.
இருவரும் துப்பவில்லை.

"கொட்டுமா?"
"உங்களை இல்லை."
மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து
ஒவ்வொரு குப்பி திறந்தபோதும் குனிந்து பார்த்தார்.
கிளம்பும்போது நாடாச் சுருளைக் கேட்டார்.
கொடுக்க எனக்கு அனுமதி கிடையாது.
கொடுத்தேன்.

அன்று திரும்பும் பேருந்தில்
என் தொப்பியின் விளிம்பில் ஒன்று.
துணி என்றும் தெரியாமல்
அதே சாய்வில், வால் மேலே.
பேனைப்போல் இரு நகத்துக்கிடையில் நசுக்கினேன்.
இந்தப் பக்கத்ததா அந்தப் பக்கத்ததா,
இதுவரை எத்தனையை இப்படிச் சுமந்துபோயிருப்பேன்,
எந்த வரிசைக்கு.
ஜன்னலுக்கு வெளியே கையை உதறப்போனவள்
காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழன் சாலையோர அட்டையில் பதினொன்று.
நல்ல எண்ணா என்று வண்டிக்கார வான்டெர்லே கேட்டான்.
போன வாரம் காற்று வேறு திசையில் அடித்தது என்றேன்.

அனேசியுவின் தோட்டத்தில்
ஒரே ஒரு மரத்தில் சிவப்பு நாடா.
அழகாக, பரிசுப்பொட்டலம்போல் இரட்டை முடிச்சு.
கிளையை வளைத்து இலையைப் பார்த்தேன்.
இப்பக்கமும் அப்பக்கமும் ஒரே மஞ்சள்.
இன்னொரு இலை. இன்னொன்று.

"இது வெறும் பட்டினி, அனேசியு. நோயில்லை."
அவர் சுற்றிலும் பார்த்தார்,
நாடா கட்டாத நானூறு மரங்களையும்.
"பசிக்கு வைக்க மட்டும் யார்கிட்ட காசு?"

முடிச்சு இறுகியிருந்தது.
பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.