நட்சத்திரம் விழாத பொருட்கள்

சாட்ஸ்வொர்த் கடையில் ஏழாம் கல்லா என்னுடையது.
ரசீதில் சில பொருட்களின் ஓரம்
சின்னதாய் ஒரு நட்சத்திரம் விழும்.
வரி இல்லை என்று அர்த்தம்.
சோளமாவுக்கு விழும். பழுப்பு ரொட்டிக்கு விழும்.
தகர டப்பா மத்தி மீனுக்கும்.
வெள்ளை ரொட்டிக்கு விழாது.
கோழிக்கு, தேயிலைக்கு விழாது.
சோப்புக்கு விழவே விழாது.
ஏழை அழுக்காயிருந்தால் கருவூலத்துக்கு என்ன?

பட்டியல் எழுதியவர்
வயிறு நிறைந்த ஒரு மத்தியானத்தில்
எங்கள் நாக்கை நினைத்துப் பார்த்திருக்கிறார்.
புரட்டாசியில் மட்டும் எங்கள் வீடு
அவர் நினைத்தபடி சாப்பிடுகிறது:
பருப்பு, காய்ந்த அவரை, கீரை.
ஐப்பசி பிறந்ததும் ஆசை பிறக்கிறது,
ஆசைக்குப் பதினைந்து சதவீதம்.

போன வெள்ளி. சம்பளத்துக்கு ஐந்து நாள் இருந்தது.
உம்லாசிக்குக் கடைசி டாக்ஸியைப் பிடிக்க வேண்டிய தண்டேகா
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள்,
வைக்கும்போதே வாய்க்குள் கூட்டினாள்.
அந்த உதட்டசைவு எனக்குத் தெரியும்.
கோயிலிலும் அதே அசைவுதான்.
கடைசியாகக் கோழி. தொண்ணூற்றிரண்டு ராண்ட்.
பதினொன்று குறைந்தது.

"எடுத்துவிடு" என்றாள், என்னைப் பார்க்காமல்.
ஒரு கோழியை ரத்து செய்ய மேலாளரின் சாவி வேண்டும்.
சாவி வரும்வரை
வரிசை முழுக்க அவள் முதுகைப் பார்த்தது.
நான் திரையைப் பார்த்தேன்.
கோழிக்குள்ளே உட்கார்ந்திருந்த வரி:
பன்னிரண்டு ராண்ட்.

பன்னிரண்டு.
அது இறங்கிப் போயிருந்தால்
கோழியும் போயிருக்கும் அவளோடு,
கையில் ஒரு ராண்ட் மிச்சமும்.

அவளுக்குப் பின்னால் நின்ற திரு. பூபாலன் ரெட்டி
நல்ல மனிதர்தான். உம்ஷ்லாங்காக்காரர்.
தள்ளுவண்டி நிறைய இறைச்சி, நாய்க்குத் தனி இறைச்சி.
அவரும் அதே பதினைந்து கட்டினார்.
அட்டையை ஒருமுறை காட்டினார்,
தொகையைக்கூடப் பார்க்கவில்லை.
இதற்குத்தான் சமம் என்று பேர்:
எருமைக்கும் எறும்புக்கும் ஒரே மூட்டை.

செவ்வாய்க்கிழமை நகர மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள்.
அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்:
"ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, உதவித்தொகைக்கு
எங்கிருந்தம்மா வரும் பணம்?"
நியாயமான கேள்வி.
என் மகன் சுகேந்திரன் பிறந்தது அரசாங்க ஆஸ்பத்திரியில்.
வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
சட்டிக்குள் கை விடாதீர்கள், பெட்டிக்குள் விடுங்கள் என்றேன்.
கடலைப் பார்த்தபடி பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கேளுங்கள்,
தூங்கும்போதே குட்டி போடும் பணத்தைக் கேளுங்கள்.
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
என் பேரை எப்படி எழுதுவதென்றும் கேட்டார்: சலோஷ்னி முனுசாமி.

கரும்பு வெட்டி முடித்தும் ஊர் திரும்பாதவர்களிடம்
தலைக்கு மூன்று பவுன் கேட்டது
இதே மண்ணின் ஓர் அரசு.
அதை எதிர்த்து நடந்தவர்களுக்கு
வருஷம் தவறாமல் மாலை போடுகிறோம்.
மாலைக்கும் பதினைந்து சதவீதம்.

மண்டபத்தில் எனக்கு மூன்று நிமிடம்தான்.
கல்லாச் சுருளைக் கிழித்து
ஆங்கிலத்தில் எழுதிப் போய் வாசித்தேன்.
தமிழில் எழுதும்போது இப்போதுதான் உறைக்கிறது:
எழுதுவதும் வரி, பிடுங்குவதும் வரி.
இரண்டில் ஒன்றாவது என் கையில் இருக்கட்டும்.

இன்று தண்டேகா வந்தாள்.
அரைக்கிலோ கோழிக் கழுத்து.
நட்சத்திரம் விழவில்லை.
ரசீதைக் கிழித்துப் பேனாவால் நானே ஒன்று போட்டுக் கொடுத்தேன்.
செல்லாது, அவளுக்கும் தெரியும்.
சிரிக்கவில்லை.
நாலாக மடித்து
சில்லறையோடு உள்ளே வைத்துக்கொண்டாள்.